ஒரு கிள்ளு மா

சென்ற ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் மாலை மயிலிட்டிக்குச் செல்ல வேண்டிய காரியம் ஒன்று நமக்கு ஏற்பட்டது. காரியம் என்னவோ குடும்பச் சமாதானம். ஆனால் அதற்குக் காரணமாய் அமைந்தது பனங்காய்ப் பணியாரம். காணிப் பிரிவினைக்கும் வேலித் தகராற்றுக்கும் மத்தியஸ்தம் பேசப் போனதுண்டு. பணியாரத்துக்காகப் போனது நம் வாழ்நாளில் இதுவே முதல் தடவை.

துறைமுகத்துக்குச் சற்று அப்பால், கடற்காற்று தடையின்றி வந்து மோதும் வளவொன்றில் நம்முடைய பழைய மாணவர் ஒருவரின் தாயார் வசித்து வருகிறார். எழுபதைத் தொடும் மூதாட்டி. 1990ஆம் ஆண்டு யூன் மாத நடுவில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறியபொழுது, கைக்குழந்தையாய் இருந்த மகனை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டு யூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டதன் பின்னரே தம் நிலத்தை மறுபடியும் கண்டார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் இருந்தது. கிணறு தூர்ந்து கிடந்தது. வடக்கு எல்லையில் ஏழு பனைகள் மட்டும் எவரையும் எதிர்பாராமல் நின்றுகொண்டிருந்தன. அந்தக் கைக்குழந்தை இப்பொழுது ரொறன்ரோ நகரில் உத்தியோகம் பார்க்கிறார். அவருடைய மனைவியும் எட்டு வயது மகளும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பேர்த்தியை அப்பம்மா நேரிற் காண்பது அப்பொழுதுதான்.

பேர்த்திக்குச் சீலியாக் நோய். கோதுமையில் உள்ள குளுட்டன் என்னும் பசைப்புரதம் அந்தக் குழந்தைக்கு ஒவ்வாது. வந்து இறங்கிய அன்றே மருமகள் இதனைச் சொல்லிவிட்டார். ஆச்சியும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சோறும் மீன் குழம்புமாகப் பத்து நாட்கள் ஒரு குறையுமின்றிக் கழிந்தன. பதினோராம் நாள் விடியற்காலை அந்த ஏழு பனைகளுள் ஒன்றிலிருந்து முதற் பழம் விழுந்தது. ஆச்சிக்குக் கால் நிலத்திற் படவில்லை. பழத்தைப் பிசைந்து, களி எடுத்து, சீனியிட்டுக் காய்ச்சி, அரிசிமாவைக் கலந்தார். மா இறுகவில்லை. கை வழக்கப்படி போத்தலிலிருந்து அவித்த கோதுமைமாவை ஒரு கிள்ளு, பின்னர் இன்னொரு கிள்ளு அள்ளிப் போட்டார். குழந்தை நான்கு பணியாரம் தின்றாள். இரவு பத்து மணிக்கு வாந்தி தொடங்கியது. மூன்று நாட்கள் படுக்கையை விட்டு எழவில்லை.

மருமகள் கோபத்தில் ஒரு சொல் சொன்னார். ஆச்சி பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் உணவும் கொள்ளவில்லை. அதன் பின்னர் குசினிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மகன் ரொறன்ரோவிலிருந்து நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "சேர், ஒருக்கா எங்கட வீட்டுப் பக்கம் போய் வாருங்கோ" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே நமக்குப் போதுமாய் இருந்தது.

திண்ணையில் அமர்ந்திருந்த ஆச்சி நம்மைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி இது: "தம்பி, நீர் படிச்ச பிள்ளை. ஒரு கிள்ளு மா ஒரு பிள்ளையை இப்பிடிச் செய்யுமோ?"

இந்தக் கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்விதான். உப்பு ஒரு கிள்ளுக் கூடினால் கறி கரிக்கும், அவ்வளவே. நஞ்சைத் தவிர வேறெந்தப் பதார்த்தமும் கிள்ளளவில் ஆளைச் சாய்ப்பதை நம் மூதாட்டியர் கண்டதில்லை. ஆகவே நாம் அறிந்ததை ஆச்சிக்கும், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகளுக்கும் சேர்த்தே சொன்னோம்.

கோதுமைமாவை நீர் விட்டுப் பிசைந்தால் இரப்பர் போல இழுபடுகிறதல்லவா? அந்த இழுவையைத் தருவதே குளுட்டன். கோதுமையில் மாத்திரமன்றி வாற்கோதுமையிலும் ரை என்னும் தானியத்திலும் இவ்வினத்துப் புரதங்கள் உண்டு. பெரும்பாலாருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் பிறப்பிலேயே சில மரபணுக்களைப் பெற்ற சிலருக்கு, உடலின் காவற்படை இந்தப் புரதத்தைப் பகைவன் என்று பிழைபட எண்ணிப் போர் தொடுக்கிறது. போர் நடக்கும் களம் அவர்களுடைய சொந்தச் சிறுகுடலே. குடலின் உட்சுவரில் விரல்கள் போல நீண்டு நின்று உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றோட்டம், வயிற்றுப்பொருமல், இரத்தச்சோகை, குழந்தைகளாயின் வளர்ச்சிக் குறைவு என ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளுட்டனை அறவே விலக்குவதொன்றே வழி. விலக்கினால் குடல் தானாகவே ஆறிவிடும்.

இந்நோயைத் தெளிவாக எழுதி வைத்தவர் இலண்டன் வைத்தியர் சாமுவேல் கீ, ஆண்டு 1888. உணவே இதற்குப் பரிகாரம் என்று அவர் சரியாக ஊகித்தார். எந்த உணவு என்பதுதான் விளங்கவில்லை. 1924இல் அமெரிக்காவிற் சிட்னி ஹாஸ் என்பவர் நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ மகிமை இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். மகிமை வாழைப்பழத்தில் இல்லை. வாழைப்பழம் தின்ற குழந்தைகள் பாண் தின்னவில்லை என்பதிலேதான் இருந்தது. இதனை நிலைநாட்டியவர் ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. கோதுமையின் மேல் அவருக்கு முன்னரே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தினால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் ஏற்பட்டுப் பாண் அருகிப் போயிற்று. ஊரே மெலிந்த அந்தக் காலத்தில் இந்நோயுள்ள குழந்தைகள் தேறினர் என்றும், பாண் மீண்டும் கிடைத்ததும் நோய் திரும்பிற்று என்றும் அவர் கண்டதாகச் சொல்லுவர். 1950ஆம் ஆண்டு உட்றெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேடு கோதுமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

இனி, அந்தக் கிள்ளின் கணக்கைப் பார்ப்போம். 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், சீலியாக் நோயாளர் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் வீதம் மூன்று மாதம் உட்கொண்டபோது குடற்சுவர் பழுதடைவது காணப்பட்டது. கோதுமைமாவில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குளுட்டன் என்று கொண்டால், 50 மில்லிகிராம் குளுட்டனுக்கு அரைக் கிராம் மா போதும். அரைக் கிராம் மா என்பது எவ்வளவு? பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அடங்குவது. ஆச்சி கேட்ட அதே கிள்ளுத்தான்! உலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் சபை 2008இல் திருத்திய விதிப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருந்தால் அதனைக் குளுட்டன் அற்றது என்று விற்கக் கூடாது. ஆகவே மருமகளின் அச்சம் வெளிநாட்டு நாகரிகம் அன்று.

இதனைக் கேட்ட ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கட ஆச்சி இந்த மாவைத் தொடவே மாட்டா. அமெரிக்கன் மா எண்டு சொல்லி ஒதுக்கிப்போடுவா. அந்த மனிசி பனங்காய்ப் பணியாரம் சுடேல்லையோ?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வழக்கின் திருப்பம் அந்த இடத்திலேதான் ஏற்பட்டது.

இலங்கையிற் கோதுமை பயிராகும் நிலம் இல்லை. உண்பதெல்லாம் கப்பலில் வந்ததே. பறங்கியர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். பாண், போறணை, குசினி, தாச்சி, விசுக்கோத்து என நம் வீட்டிற் பகல் முழுவதும் புழங்கும் சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை என்பதை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். ஆயினும் அக்காலத்திற் பாண் சாதாரண மக்களின் உணவாகிவிடவில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்று போயிற்று. பங்கீட்டு அரிசி குறைந்த இடத்தைக் கோதுமைமாவைக் கொண்டு அரசாங்கம் நிரப்பிற்று. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. அவித்து அரித்துப் பிட்டுக்குள் நுழைந்தது; இடியப்பத்துக்குள் நுழைந்தது; யாழ்ப்பாணத்துத் தோசைமாவில் உழுந்துக்குத் துணையாயிற்று; கொழுக்கட்டையின் மேற்கோதிலும், பயற்றம் பணியாரத்தைத் தோய்க்கும் கரைசலிலும், பனங்காய்ப் பணியாரத்திலும் அரிசிமாவைத் தள்ளிவிட்டு அமர்ந்துகொண்டது. மலிவு, மென்மை, இலகுவில் ஒட்டும் குணம் ஆகிய மூன்றையும் காட்டியே அது இத்தனை இடம் பிடித்தது. இன்று நாம் பாரம்பரியம் என்று பெருமையோடு பரிமாறும் பலகாரத் தட்டிற் பாதி, நம் பூட்டியர் கண்டிராத மாவினால் ஆனது. இதிற் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. பஞ்சத்துக்கு வந்த உதவியை எவரும் பழிப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் ஒன்றுமே செய்ய முடியாது என்று மலைப்பதுதான் வேடிக்கை.

மலைப்பு நீங்கியதும் ஆச்சி எழுந்து குசினிக்குப் போனார். மருமகளும் பின்னாலே போனார். நாமும் வாசற்படியில் நின்று பார்த்தோம். பல்கலைக்கழகத்திற் கற்றதைக் காட்டிலும் அன்று கற்றது அதிகம் என்று சொல்லலாம்.

முதற் பிரச்சினை மா அன்று, பாத்திரம். நீத்துப்பெட்டி ஓலையினாற் பின்னப்பட்டது. அதன் இழைகளுக்குள் ஆண்டுக்கணக்கிற் கோதுமைமா புகுந்திருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. அரிதட்டும் அப்படியே. மரத்தாலான மத்துக்கும் உரலுக்கும் அதே குற்றம். ஆகவே அரிதட்டு, நீத்துப்பெட்டி, மரக்கரண்டி ஆகியவற்றைப் புதிதாய் வாங்கித் தனியே வைத்தல் வேண்டும். உருக்குச் சட்டிகளை நன்றாய்த் தேய்த்துக் கழுவினாற் போதும். ரோல்ஸும் பற்றீசும் பொரித்த எண்ணெயை மறுபடி உபயோகிக்கலாகாது. அடுத்தது மா அரைக்கும் ஆலை. சத்துமாவுக்கென்று வறுத்த கோதுமையை யாரோ ஒருவர் முன்னே அரைத்துப் போயிருந்தால், பின்னே வரும் நம் அரிசிமாவில் அதன் மிச்சம் கலந்தே தீரும். வீட்டில் மின் அரைவை இயந்திரம் இருந்தால் அதிலே அரைத்து அரிப்பது உத்தமம். கடைப் பொருட்களிலும் கண் வேண்டும். ரவையும் சேமியாவும் கோதுமையே என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆகவே கேசரி கூடாது. ரவை சேரும் நத்தார்க் கேக்கும் கூடாது. கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமைமா கலந்திருக்கும். சோயா சோஸிலும் அப்படியே. மோல்ற் சேர்ந்த பானங்களில் வாற்கோதுமை உண்டு.

இனிப் பணியாரம். நன்றாய்ப் பழுத்த பனம்பழத்தின் தோலை உரித்து, சிறிதளவு நீர் தெளித்துப் பிசைந்து, தும்பு நீங்கத் துணியில் வடித்த களி இரண்டு கோப்பை. அதனோடு முக்காற் கோப்பைச் சீனி சேர்த்து, காறல் மணம் போய்க் களி சற்றுத் தடிக்கும்வரை மெல்லிய நெருப்பில் துழாவிக் காய்ச்ச வேண்டும். கோதுமைமா போடும் வழக்கத்திற் களியை நன்றாய் ஆறவிடுவார்கள். அரிசிமாவுக்கு அது பொருந்தாது. களி இளஞ்சூட்டோடு இருக்கும்போதே வறுத்த அரிசிமா ஒன்றரைக் கோப்பையும், வறுத்து இடித்த உழுத்தம்மாக் காற்கோப்பையும், உப்பும் சேர்த்துக் குழைத்து, அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் அரிசிமா ஊறித் தானாகவே இறுகிக்கொள்ளும். ஆச்சி முதல் நாள் பொறுமையிழந்து கிள்ளு மாவைத் தேடியது இந்த அரைமணி நேரத்தைக் கொடாததனாலேயே. பிறகும் தளர்ச்சியாய் இருந்தால் இன்னும் சிறிது அரிசிமா சேர்க்கலாம். விரல்களாற் கிள்ளிச் சிறு உருண்டைகளாகத் தேங்காயெண்ணெயில் இட்டு, நடுத்தர நெருப்பிற் பொன்னிறமாய்ப் பொரித்து எடுக்க வேண்டும். இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: மறுநாள் சற்றுக் கடினமாகிவிடும். அன்றே தின்று முடிப்பது நன்று. பனங்காய்ப் பணியாரம் மறுநாள்வரை மிஞ்சும் வீடு எதையும் நாம் இதுவரை கண்டதில்லை.

குழந்தைக்கு வேறோர் ஆசையும் இருந்தது. அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள், கேக் வேண்டும். இங்கேதான் சற்று விஞ்ஞானம் தேவைப்படுகிறது. கேக்கோ பாணோ போறணையில் உப்புவது ஏன்? உள்ளே உண்டாகும் வாயுவைக் குளுட்டனின் வலைப்பின்னல் வெளியே விடாமற் பிடித்து வைத்திருப்பதனால். அரிசிமாவில் அந்த வலை இல்லை. வாயு ஓடிவிடும், கேக் அமுங்கி, மணல் போல நெறுநெறுக்கும். ஆகவே வாயுவைப் பிடிக்க வேறொரு கை வேண்டும். மேல்நாட்டார் இதற்குப் பசைப்பொடிகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம்மிடம் உழுந்து இருக்கிறது. இட்லி பஞ்சுபோல எழுவது அரிசியினால் அன்று. உழுந்தின் வழுவழுப்பான பசை வாயுவைப் பிடித்து நிறுத்துவதனால். கோதுமையின் துணையின்றி மாவை உப்பச் செய்யும் வித்தையை நம் மக்கள் எக்காலத்திலோ கண்டுபிடித்துவிட்டார்கள். முட்டையின் வெண்கருவும் இந்த வேலையைச் செய்யும். அதனுடன் பனங்களியின் இயல்பான பசையும் சேர்ந்தால் கேக்குக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு தடவை முயன்று மருமகளும் ஆச்சியும் கண்ட அளவு இது. காய்ச்சி ஆறிய பனங்களி 200 கிராம். இதில் சீனி சேர்த்தல் ஆகாது. மிக நுண்ணிதாய் அரித்த பச்சையரிசி மா 150 கிராம், வறுத்த உழுத்தம்மா 30 கிராம், சீனி அல்லது தூளாக்கிய பனங்கட்டி 125 கிராம், பட்டர் அல்லது தேங்காயெண்ணெய் 100 கிராம், முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு கிள்ளு. பேக்கிங் பவுடரிற் சேர்ந்துள்ள மாப்பொருள் சோளத்தினுடையதா என்று பொதியைப் பார்த்தல் வேண்டும்; சிலவற்றிற் கோதுமை மாப்பொருள் உண்டு. பட்டரையும் சீனியையும் நுரைக்க அடித்து, மஞ்சட் கருக்களையும் களியையும் சேர்த்து, மாக்களைக் கலந்து அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். முதல் முயற்சியில் இதைச் செய்யாமையாற் கேக் நெறுநெறுத்தது. ஊறிய பின்னரே பேக்கிங் பவுடரைக் கலந்து, கடைசியில் நுரைக்க அடித்த வெண்கருவை மெதுவாய்ப் புரட்டிச் சேர்த்து, 170 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வெதுப்ப வேண்டும். ஈர்க்குக் குத்தி எடுத்தால் மா ஒட்டலாகாது. சூட்டோடு வெட்டினால் உதிரும். முற்றாக ஆறிய பின்னரே கத்தியை எடுக்க வேண்டும். மின்போறணை இல்லாதவர்கள் தடித்த சட்டியில் இரண்டங்குலம் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேற் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் தணல் இடலாம். நேரம் சற்றுக் கூடும், மணமும் கூடும்.

விசுக்கோத்துக்குப் புழுக்கொடியல் மா கைகண்டது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். பச்சையாய்ப் பிளந்து காயவைத்தது ஒடியல். ஒடியல் மாவுக்குக் கசப்பு உண்டு. அதனை நீரிற் கரைத்து அடையவிட்டு மேல்நீரை ஊற்றி அகற்றிய பின்னரே பிட்டுக்கும் கூழுக்கும் எடுத்து, நன்றாய் வேகவைத்து உண்பது முறை. புழுக்கொடியல் மாவுக்கு அத்தொல்லை இல்லை. புழுக்கொடியல் மாவும் அரிசிமாவும் நூறு நூறு கிராம், பட்டர் நூறு, பனங்கட்டித் தூள் எண்பது, மஞ்சட் கரு ஒன்று, ஏலம் சிறிது சேர்த்துப் பிசைந்து தட்டி, 160 பாகையில் இருபது நிமிடம். எடுத்த உடனே தொட்டால் பொடிந்துவிடும். தட்டிலேயே ஆறவிட்டால் மொறுமொறுப்பாய்ப் பிடித்துக்கொள்ளும். புழுக்கொடியல் மாவுக்குப் பதிலாய்க் குரக்கன் மாவும் போடலாம். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இத்தகைய பனம்பொருட்களை வளர்க்கும் முயற்சியில் ஈடுபட்டு வருகிறது; அதன் கற்பகம் விற்பனை நிலையங்களுக்குப் போவோர், பொதியின் மேல் வேறு மாக் கலந்துள்ளதா என்று வாசித்துப் பார்த்து வாங்குக. பனை என்ற பெயரோடு விற்கும் விசுக்கோத்து எல்லாம் பனையாலேயே ஆனதென்று கொள்ளலாகாது.

பொரிக்கவும் வெதுப்பவும் வேண்டாத இனிப்புகளுக்கு நம்மிடம் குறைவே இல்லை. ஆடிப்பிறப்புக் கூழ் பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியவற்றால் ஆனது. தொதல், எள்ளுருண்டை, உழுத்தங்களி, நம் முஸ்லிம் அயலவர் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பும் வட்டிலப்பம் ஆகியவற்றுள் எதிலும் கோதுமைக்கு இடமில்லை. கலப்படம் செய்யாதிருந்தாற் போதும்.

இதனை வாசித்துவிட்டு நாளையே கோதுமைமாப் போத்தலைக் கோடிக்குள் எறிய வேண்டாம். நோயில்லாதவர் கோதுமையை விலக்குவதனால் அடையும் பிரயோசனம் எதுவும் இல்லை. குளுட்டன் அற்றது என்ற ஒரே காரணத்துக்காகப் பலகாரம் பத்தியமாகிவிடாது; சீனி சீனிதான், எண்ணெய் எண்ணெய்தான். நீரிழிவுக்காரர் இந்தக் கேக்கைத் தூரத்தே நின்று மெச்சுவது நலம். பிள்ளைக்கு நெடுநாளாய் வயிற்றோட்டமும் இரத்தச்சோகையும் மெலிவும் இருந்து, பூச்சி மருந்துக்கும் மசியவில்லையானால், வைத்தியரிடம் சீலியாக் பற்றிக் கேளுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: சோதனை முடியும்வரை பிள்ளை வழக்கம் போலக் கோதுமை உண்டுகொண்டே இருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையும் குடற் பரிசோதனையும் நோயைக் காட்டாமற் போகலாம். சோறுண்ணும் தென்னிந்தியாவிலும் நம் நாட்டிலும் இந்நோய் வட இந்தியாவிற் போலப் பரவலாய்க் காணப்படுவதில்லை. ஆகையினால் வைத்தியருக்கும் இது உடனே நினைவுக்கு வருவதில்லை. ரொறன்ரோவில் அந்தக் குழந்தைக்கே நோயைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் சென்றனவாம். அந்த இரண்டு ஆண்டுகளையும் மருமகள் சொன்னபோது, ஆச்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இதை எனக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். நாம் அந்த நேரம் கிணற்றடிக்குப் போவது உசிதம் என்று எண்ணி எழுந்துவிட்டோம்.

பிறந்தநாளன்று கேக்கைக் குழந்தையே வெட்டினாள். முதல் துண்டை அப்பம்மாவுக்கு ஊட்டிவிட்டு, "இதில கோதுமை இல்லைத்தானே?" என்று ஒருமுறை கேட்டாள், கேட்டுவிட்டுத்தான் தன் துண்டை வாயில் வைத்தாள். எட்டு வயதில் அந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அன்றிரவு ஆச்சி உறங்கவில்லை. குழந்தையின் பாயருகே விடியும்வரை விழித்திருந்தாராம். குழந்தை நன்றாய் உறங்கினாள்.

ஆவணி முடியுமுன் அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். சென்ற கிழமை அந்தப் பக்கம் போயிருந்தோம். ஆச்சியின் குசினிச் சுவரில், சிவப்புத் துணித்துண்டு கட்டிய புதிய அரிதட்டு ஒன்று தனி ஆணியில் தொங்கிற்று. ரொட்டிக்கு மா அரிக்க வந்த அயல்வீட்டுப் பெண் அதற்குக் கையை நீட்டினாள். ஆச்சி அடுப்படியில் இருந்தபடியே திரும்பிப் பார்த்து, "அதை வை பிள்ளை. அது என்ர பேர்த்தியின்ர" என்றார்.